கடற்கரை ஊரில் பழைய காரின் பெட்ரோல் டேங்க் ஒழுக்கு: பைபர் ஒட்டுவதா, பற்றவைப்பதா?

18 ஏப்ரல் 2025 (இராமேசுவரத்தை அடுத்த மண்டபம் ஊரிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி)

என் மாமா வைத்திருந்த 1972ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 2 வண்டியைச் சீர்செய்து மீண்டும் ஓட்ட முயல்கிறேன். இஞ்சின் ஓடுகிறது, பிரேக் வேலையும் முடிந்துவிட்டது. பெட்ரோல் டேங்கின் அடிப்பக்கம் மட்டும் அங்கங்கே ஈரமாக இருக்கிறது. இரவில் நிறுத்தினால் காலையில் கொட்டகை முழுவதும் வாடை. எங்கள் ஊரில் வள்ளத்துக்குப் பைபர் போடுகிறவர், "டேங்கைக் கழற்றவே வேண்டாம் தம்பி, அடியில் ஒரு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) வைத்து ரெசின் (பிசின்) தடவிவிட்டால் ஆயுசுக்கும் ஒழுகாது, கடலிலேயே நிற்கிற பொருள் இது" என்கிறார். டிங்கர் வேலை பார்ப்பவரோ வெல்டிங் வைத்தால்தான் நிற்கும் என்கிறார். அண்ணன், யார் சொல்வதைக் கேட்பது?

18 ஏப்ரல் 2025, இரவு

இப்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம் தம்பி. வெல்டிங்காரர் டேங்கின் அருகே வராமல் பார்த்துக்கொள்வது அவசரம், மற்றவை நாளைக்கு.

கொட்டகையில் வாடை அடிக்கிறது என்றால் ஆவி அங்கேயே தங்கியிருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால் மேலே எழுந்து கலைந்துபோகாமல், தரையோடு படர்ந்து பள்ளமான இடத்தில் தேங்கும். அந்த இடத்தில் மோட்டார் சுவிட்சோ இன்வெர்ட்டரோ இருந்தால் ஒரு பொறி போதும். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் ஆட்களை வைத்து வெட்டவெளிக்குத் தள்ளுங்கள், பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், பிறகு பெட்ரோலை வடியுங்கள். ஹோஸை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அம்பாசடர் டேங்கின் கொள்ளளவு 54 லிட்டர். 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி வடித்த பெட்ரோலை உரிமம் இல்லாமல் வீட்டில் 30 லிட்டருக்கு மேல் வைத்திருக்க முடியாது. டேங்க் நிறைய இருந்தால் பாதியை நண்பர்களின் வண்டிக்குக் கொடுத்துவிடுங்கள். நல்ல பெயராவது கிடைக்கும்.

20 ஏப்ரல் 2025

பைபர் பற்றி. வள்ளத்துக்குப் போடப்படும் ரெசின் பெரும்பாலும் பாலியெஸ்டர் வகையைச் சேர்ந்தது. கடல் தண்ணீரைத் தாங்குவது வேறு, பெட்ரோலைத் தாங்குவது வேறு. அதிலும் இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குவது முற்றிலும் வேறு. அமெரிக்காவில் பாலியெஸ்டர் பைபரால் கட்டப்பட்ட பழைய படகுகளின் பெட்ரோல் டேங்குகள், எத்தனால் கலப்பு பரவியபின் உள்ளே இளகி, கரைந்த ரெசின் இஞ்சின் வால்வு வரை போய்ப் படிந்த கதைகள் உண்டு. அவை முழுக்க முழுக்கப் பைபரிலேயே செய்யப்பட்டவை என்பதை நினைவில் வையுங்கள்.

உங்களுடையது இரும்புத் தகடு. பாலியெஸ்டர் ரெசின் உறையும்போது சற்றுச் சுருங்கும். இரும்பின்மீது அதன் பிடிப்பும் குறைவு. வெயிலில் தகடு விரிந்து, இரவில் சுருங்கி, சாலையில் அதிர்ந்துகொண்டே இருக்கும்போது ஒட்டின் விளிம்பு மெல்லப் பெயரும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்ரோல் கசிந்துகொண்டிருக்கும் ஈரத் தகட்டின்மீது எந்தப் பிசினும் ஒட்டாது. பைபர்க்காரர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த தகடு மரமும் பைபரும், அவருக்குத் தெரிந்த திரவம் கடல்.

எனக்கு இதைவிடப் பெரிய ஆட்சேபம் வேறொன்று. மேட் ஒட்டிவிட்டால் ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. உள்ளே துரு தன் வேலையை நிறுத்தாது. ஒட்டுக்கும் தகட்டுக்கும் இடையே உப்பு ஈரம் சிக்கிக்கொண்டால், திறந்துகிடந்த தகட்டைவிட அந்த இடம் வேகமாக அரிக்கும்.

20 ஏப்ரல் 2025, சற்றுப் பின்னர்

சோப்பு பற்றி யாரும் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். துணி துவைக்கும் சோப்புக் கட்டியை ஊசித்துளையின்மீது அழுத்தித் தேய்த்தால் ஒழுக்கு நிற்கும், ஏனெனில் சோப்பு பெட்ரோலில் கரையாது. பழைய டாக்சி ஓட்டுநர்கள் எல்லோருடைய டிக்கியிலும் ஒரு கட்டி இருந்ததற்குக் குளியல் மட்டும் காரணமன்று. பட்டறை வரை வந்து சேர அது போதும். மழையில் நனைந்தால் சோப்பு போய்விடும், ஒழுக்கு திரும்பிவிடும்.

23 ஏப்ரல் 2025

டேங்கைக் கழற்றியாயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. ஈரம் தெரிந்த இடமெல்லாம் ஓட்டை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பெட்ரோல் மேலே எங்கோ கசிந்து, தகட்டின் மீது ஓடி, தாழ்ந்த விளிம்பில் வந்துதான் சொட்டும். நிரப்புக் குழாயை டேங்கோடு இணைக்கும் ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தால், டேங்க் முக்கால்வாசிக்கு மேல் இருக்கும்போது மட்டும் ஒழுகும். பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவை பொருத்தியிருக்கும் வட்டத் தட்டின் கார்க் கேஸ்கெட் காய்ந்துபோயிருந்தாலும் அப்படியே. பெட்ரோல் வெளியேறும் குழாய் டேங்கில் சேருமிடத்து ஈயப் பற்று அதிர்வில் விரிந்திருக்கலாம். இவை மூன்றும் தகட்டோடு சம்பந்தமில்லாத, எளிதில் தீரும் குறைகள்.

தகட்டில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க நான் நம்பும் முறை சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும். டேங்கை வெளியே நன்றாகச் சுரண்டித் துடைத்து, சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து மெல்லியதாகப் பூசிக் காயவிடுங்கள். உள்ளே கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி, ஒவ்வொரு பக்கமாகச் சாய்த்துச் சற்று நேரம் வையுங்கள். மண்ணெண்ணெய் மிக நுண்ணிய பிளவிலும் ஏறி வெளியே வரும். வெள்ளைப் பூச்சின்மீது கறுப்புப் புள்ளியாகவோ கோடாகவோ தெரியும். அதைப் பென்சிலால் வட்டமிட்டு, கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் சுத்தம் செய்யும்போது பென்சில் போய்விடும்.

புள்ளி தெரிந்தால் ஆணி போன்ற கூர்முனையால் அதைச் சுற்றி அழுத்திப் பாருங்கள். சுற்றியுள்ள தகடு கெட்டியாக நின்றால் அது பற்றவைக்கத் தகுந்த ஓட்டை. ஆணி உள்ளே இறங்கினால் நீங்கள் தேடிக்கொண்டிருப்பது ஓட்டையை அன்று, வேறு தகட்டை.

27 ஏப்ரல் 2025

தங்கச்சிமடத்திலிருந்து எழுதியிருப்பவர், டேங்கைத் தண்ணீரால் ஒருமுறை அலசி, இன்னொரு வண்டியின் சைலன்சர் புகையை உள்ளே விட்டுக்கொண்டே கேஸ் வெல்டிங் வைப்பதுதான் வழக்கம், தன் பட்டறையில் இதுவரை எதுவும் நேர்ந்ததில்லை என்கிறார். அந்த வழக்கத்தை நானும் பார்த்திருக்கிறேன். அதை இங்கே யாரும் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 விழுக்காட்டுக்கும் 7.6 விழுக்காட்டுக்கும் இடைப்பட்டு இருந்தால் வெடிக்கும். நிறைந்த டேங்கின் உள்ளே ஆவி அதற்கு மேல் அடர்த்தியாக இருப்பதால் அங்கே வெடிப்பதற்குக் காற்று போதாது. காலி டேங்கில்தான் வெடிக்கும் கலவை இருக்கும். ஒருமுறை அலசினால் ஆவி போய்விடும், ஆனால் துருச் செதில்களுக்கு அடியிலும், விளிம்பு மடிப்பின் உள்ளும், பழைய பெட்ரோல் காய்ந்து அரக்காகப் படிந்த இடத்திலும் திரவம் மிச்சமிருக்கும். சுடர் பட்டதும் அது மீண்டும் ஆவியாகும். முகர்ந்து பார்த்தபோது வாடை இல்லாத டேங்க் சுடர் வைத்த சில நிமிடங்களில் வெடிப்பது இதனால்தான். சைலன்சர் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது என்பது அந்த இஞ்சினின் உடல்நிலையைப் பொறுத்தது; அதை நம்பி முகத்தை அருகில் கொண்டுபோவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதோடு புகையில் கார்பன் மோனாக்சைடும் இருக்கிறது.

சரியான வழி: காஸ்டிக் சோடாவோ வீரியமான சோப்புத் தூளோ கலந்த வெந்நீரால் பலமுறை கழுவி, நீராவியை நீண்ட நேரம் செலுத்தி, பிறகு பற்றவைக்கும் இடம் மட்டும் மேலே இருக்குமாறு டேங்கைச் சாய்த்துத் தண்ணீரால் நிரப்புவது. உள்ளே காலி இடம் குறையக் குறைய ஆபத்தும் குறையும். ஆர்கான் (எரியாத வாயு) சிலிண்டர் வைத்திருப்பவர் கிடைத்தால் மிச்சமுள்ள வெளியையும் ஆர்கானால் நிரப்பலாம். எப்படியானாலும் டேங்கின் வாய்கள் எல்லாம் திறந்திருக்க வேண்டும்.

இன்னொன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாளும் விசைப்படகுகள் கரையில் கிடப்பதால் நம் பகுதியின் நல்ல வெல்டர்கள் எல்லோருக்கும் இப்போது படகு வேலை குவிந்திருக்கும். அவசரப்படுத்தினால் அரைகுறைக் கைதான் கிடைக்கும். காத்திருங்கள்.

2 மே 2025

"மதுரையில் இருக்கும் என் சித்தப்பாவின் அம்பாசடரும் அதே வயதுதான், டேங்க் புதிதுபோல் இருக்கிறது, நம்முடையது மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டதற்கு இது பதில்.

உப்பு. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் களம் வைத்திருப்பது காட்சிக்காக அன்று. மன்னார் வளைகுடா ஒருபுறம், பாக் விரிகுடா மறுபுறம், இடையிலுள்ள ஒட்டு நிலத்தில் எந்தத் திசைக் காற்றானாலும் உப்போடுதான் வரும். வண்டியின் அடியில் படியும் உப்பு, உலர்ந்திருக்கும்போது அவ்வளவு கெடுதல் செய்யாது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். நம் ஊரில் அநேகமாக எல்லா இரவுகளிலும் அது நடக்கிறது. மழை பெய்யாமலே வண்டி ஒவ்வொரு இரவும் உப்புத் தண்ணீரில் நனைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டேங்கில் அந்தக் கரைசல் தங்கும் இடங்கள் தெரிந்தவையே: தாங்கிப் பட்டைக்கு அடியிலிருக்கும் ஃபெல்ட், இரண்டு தகடுகள் மடிந்து சேரும் விளிம்பு, மண் படியும் மேல்முகம். ஃபெல்ட்டைத் தூக்கி எறிந்துவிட்டுத் தண்ணீர் உறிஞ்சாத ரப்பர் பட்டையைப் போடுங்கள். தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை வண்டியை ஓட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்துப் போடும் நண்பர்கள், திரும்பிய அன்றே அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுவது நலம். போர்வெல் தண்ணீரால் அன்று.

தண்ணீரைப் பற்றி அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் பகுதியில் பெரும்பாலான ஆழ்துளைக் கிணற்று நீர் உவர். டேங்கை ஆசிட்டால் கழுவி, துருவெல்லாம் போக்கி, கடைசி அலசலை உவர் நீரில் செய்தால், போக்கிய எதிரியை விருந்துக்கு அழைத்ததாகிவிடும். கடைசி இரண்டு அலசலுக்காவது காவிரிக் கூட்டுக் குடிநீரையோ மழைநீரையோ, முடிந்தால் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரையோ பயன்படுத்துங்கள்.

9 மே 2025

உட்புறத் துரு. கீழக்கரையிலிருந்து ஒருவர், "காக்கா (அண்ணன்), கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஊற்றிக் குலுக்கினால் ஒரு மணி நேரத்தில் பளபளவென்று ஆகிவிடுகிறதே, அதற்கு ஏன் இவ்வளவு சுற்று?" என்று கேட்டிருக்கிறார். பளபளவென்று ஆவது உண்மை. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவைத் தின்று முடித்ததும் தகட்டையும் தின்னத் தொடங்கும். மடிப்பிலுள்ள பற்றையும் அரிக்கும். அது விட்டுச் செல்லும் குளோரைடு, கடல் உப்பில் இருக்கும் அதே குளோரைடு. மடிப்புக்குள் புகுந்துவிட்டால் வெளியேற்றுவது கடினம். கடலிலிருந்து வந்தால் குற்றம், புட்டியிலிருந்து வந்தால் குற்றமில்லை என்று தகட்டுக்குத் தெரியாது.

வினிகர் மென்மையானது, ஆனால் அதற்கும் இங்கே ஒரு சிக்கல். அக்காலத்து டேங்குகள் பல, ஈயமும் வெள்ளீயமும் கலந்து பூசிய தகட்டால் செய்யப்பட்டவை. வினிகரிலுள்ள அசிட்டிக் அமிலம் ஈயத்தைக் கரைத்து நச்சு உப்பாக்கும். அந்தக் கழுநீரைக் கிணற்றோரமோ ஊற்றோரமோ கொட்டினால் என்ன ஆகும் என்று நம் ஊரில் குடிநீருக்குக் குடம் தூக்கியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் விரும்புவது சிட்ரிக் அமிலம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும். லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் வரை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றி, ஓர் இரவு வைத்துப் பாருங்கள். அதற்கு முன் தளர்ந்த செதில்களை உதிர்க்க ஒரு முழம் சங்கிலியை உள்ளே போட்டுக் குலுக்குங்கள். சங்கிலியின் ஒரு முனையைக் கம்பியில் கட்டி வெளியே விட்டால், உள்ளிருக்கும் அலைத்தடுப்புத் தகட்டில் மாட்டிக்கொண்டு வெளிவர மறுக்காது. அமிலத்தை வடித்ததும் சலவைச் சோடாக் கரைசலால் அலசி, நல்ல நீரில் அலசி, உடனே வெப்பக் காற்றால் உலர்த்துங்கள். சற்றுத் தாமதித்தாலும் மஞ்சள் துரு மேலே படரும்.

புளி? பாத்திரம் துலக்கப் போதும். 54 லிட்டர் டேங்குக்கு எவ்வளவு புளி வேண்டும் என்பதை வீட்டில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

11 மே 2025

பேட்டரி சார்ஜர் கொண்டு மின்பகுப்பு முறையில் துரு எடுக்கலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: எடுக்கலாம். டேங்க் எதிர்முனை, உள்ளே எங்கும் தொடாமல் தொங்கும் இரும்புக் கம்பி நேர்முனை, சலவைச் சோடாக் கரைசல். எவர்சில்வர் கம்பி வேண்டாம், அதிலுள்ள குரோமியம் நச்சாக மாறும். சோடாவுக்குப் பதில் கல்லுப்பு போடவே கூடாது. குளோரின் வாயு வரும். டேங்கின் சுவரில் ஹைட்ரஜன் உண்டாகிக்கொண்டே இருக்கும் என்பதால் இதையும் வெட்டவெளியில்தான் செய்ய வேண்டும், சார்ஜரை அணைத்த பிறகே கிளிப்பைக் கழற்ற வேண்டும். டேங்க் முன்பே பெட்ரோல் வாடை இல்லாமல் கழுவப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

17 மே 2025

படங்களைப் பார்த்தேன். அடித்தகட்டில் ஊசித்துளைகள், சுற்றிலும் கெட்டியான இரும்பு. பிழைத்தீர்கள். இதற்கு வெல்டிங் தேவையே இல்லை, ஈயப் பற்றே போதும்.

மெல்லிய பழைய தகட்டில் வெல்டிங் வைத்தால் வெப்பத்தில் தகடு நெளியும், ஓட்டை பெரிதாகும், பக்கத்திலுள்ள பூச்சு எரிந்து அங்கே புதிய துரு தொடங்கும். பித்தளைப் பற்றுக்கும் 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். வெள்ளீயம் 60, ஈயம் 40 கலந்த பற்றாசு 190 டிகிரிக்குள் உருகிவிடும். சுடரை டேங்கின் அருகே கொண்டுவராமல், கனமான செம்புத் தலை கொண்ட பற்றுக்கோலைத் தள்ளி வைத்த அடுப்பில் காய்ச்சி எடுத்துவந்து வேலை செய்யலாம். ஆனால் காய்ந்த கோலின் சூடு பெட்ரோல் ஆவி தானாகப் பற்றிக்கொள்ளும் 250 முதல் 280 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஆகவே ஏப்ரல் 27இல் சொன்ன கழுவலும் தண்ணீர் நிரப்புதலும் இதற்கும் அப்படியே பொருந்தும்.

ஓட்டையைச் சுற்றித் தகடு வெள்ளையாக மின்னும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முதலில் அந்த இடம் முழுவதும் மெல்லியதாக ஈயம் பூச வேண்டும். ஈயம் வழவழவென்று பரவாமல் உருண்டு ஓடினால் அங்கே இன்னும் அழுக்கு இருக்கிறது. ஊசித்துளை அந்தப் பூச்சிலேயே அடைந்துவிடும். 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட ஓட்டை என்றால் எல்லாப் பக்கமும் 15 மில்லிமீட்டராவது தள்ளி நிற்கும் ஒட்டுத் தகடு வேண்டும். பலர் செம்புத் தகட்டை வைப்பார்கள், ஏனெனில் அதில் ஈயம் நன்றாகப் பிடிக்கும். உள்நாட்டு ஊரில் அது குற்றமில்லை. உப்பு ஈரம் உள்ள இடத்தில் செம்பும் இரும்பும் சேர்ந்தால் இரும்புதான் அழியும். ஒட்டின் ஓரத்திலேயே அடுத்த ஓட்டை விழும். ஈயம் பூசிய இரும்புத் தகட்டையே வையுங்கள்.

பற்றுவைக்க ஊற்றும் துத்தநாகக் குளோரைடுத் திரவமும் பெயரிலேயே குளோரைடைச் சுமந்து வருகிறது. வேலை முடிந்ததும் வெந்நீரும் சோடாவும் கொண்டு உள்ளும் புறமும் கழுவாமல் பெயிண்ட் அடித்தால், பெயிண்ட்டுக்கு அடியில் அது காத்திருக்கும்.

18 மே 2025

பற்று நிற்கிறதா என்று பார்க்கக் காற்று ஏற்றுபவர்களுக்கு: டயர் கடைக் கம்ப்ரெசரை நேரடியாக இணைக்காதீர்கள். சதுர அங்குலத்துக்கு 1 பவுண்டு அழுத்தம் என்பது கேட்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தகட்டின்மீது அது ஏறத்தாழ 125 கிலோ எடையாக விழும். சைக்கிள் பம்பை ஓரிரு தடவை மெல்ல அழுத்தி, சோப்பு நுரை பூசிப் பார்த்தால் போதும். குமிழி வந்தால் ஒழுக்கு. டேங்க் உப்பிக்கொண்டு வந்தால் அன்றைய பாடம்.

1 ஜூன் 2025

டேங்கின் உள்ளே ஊற்றிச் சுழற்றிப் பூசும் எபாக்சி வகைப் பூச்சுகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். என் எண்ணம் இதில் சிறிது சிறிதாக மாறிவந்திருக்கிறது. தொடக்கத்தில் இவற்றை ஏமாற்று வேலை என்றே நினைத்தேன். இப்போது, ஓட்டைகளையெல்லாம் ஈயத்தால் அடைத்து முடித்த, முழுக்க உலர்ந்த, சுத்தமான டேங்குக்கு இது மேலதிகக் காப்பு என்று ஏற்றுக்கொள்கிறேன். ஓட்டையை அடைக்க இதை ஊற்றுவதை இன்னும் ஏற்கவில்லை.

துரு மிச்சமிருக்கும் தகட்டில் ஊற்றிய பூச்சு தோலாக உரியும். அந்தத் தோல் பெட்ரோல் வெளியேறும் குழாயின் வாயில் போய் ஒட்டும். வண்டி நன்றாக ஓடி, உச்சிப்புளியைத் தாண்டியதும் மூச்சுத் திணறி நிற்கும். மெக்கானிக் வருவதற்குள் தோல் விலகிக் கீழே போய்விட, ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். இந்த நோயைக் கார்புரேட்டரில் தேடி மாதக்கணக்கில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஊற்றுவதற்கு முன் வெளியேறும் குழாயிலும் காற்றுப்போக்கிக் குழாயிலும் எண்ணெய் தடவிய கம்பியைச் செருகி வையுங்கள். எல்லாப் பக்கமும் சுழற்றியபின் மிச்சத்தை முழுவதும் வடித்துவிடுங்கள். மூலையில் தேங்கிய தடித்த பூச்சு உள்ளே உறையாமல் இளகியே கிடக்கும். பிறகு கம்பியை உருவிக் குழாய்களை ஊதிப் பாருங்கள். காற்றுப்போக்கி அடைபட்டால் பம்பு இழுக்க இழுக்க உள்ளே வெற்றிடமாகிப் பெட்ரோல் வராது.

இந்த இடத்தில் உங்கள் பைபர்க்காரருக்கு நான் செலுத்த வேண்டிய மரியாதை ஒன்று உண்டு. ரெசினும் ஹார்ட்னரும் எந்த விகிதத்தில், எந்த வெயிலில், எவ்வளவு நேரத்தில் உறையும் என்பது அவருக்கு விரல் நுனியில் இருக்கும். எபாக்சியின் விகிதம் வேறு என்றாலும், கலக்கும் கை பழகிய கை. இந்த ஒரு வேலைக்கு அவரைக் கூப்பிடுங்கள். மேட் மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.

12 ஜூன் 2025

எத்தனாலைப் பற்றிப் போகிற போக்கில் சொன்னதை விரித்துச் சொல்லும்படி தொண்டியிலிருந்து கேட்டிருக்கிறார்கள். நம் நாட்டில் 10 விழுக்காட்டுக் கலப்பு 2022 ஜூனில் எட்டப்பட்டது. 20 விழுக்காட்டுக் கலப்பு 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் தொடங்கி இப்போது எங்கும் வந்துவிட்டது. நம் வண்டிகள் பிறந்தபோது இது கணக்கில் இல்லை. பழைய ரப்பர் ஹோஸ், பம்பின் டயாப்ரம், கார்க் கேஸ்கெட் ஆகியவை இதில் ஊறி இளகும் அல்லது வெடிக்கும். ஹோஸ் வாங்கும்போது எத்தனாலைத் தாங்கும் ஹோஸின் தரக்குறியான எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (SAE J30R9) என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கடற்கரையில் இன்னொரு தொல்லை சேர்ந்துகொள்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். 10 விழுக்காட்டுக் கலப்பு ஏறத்தாழ அரை விழுக்காடு தண்ணீர் வரை தாங்கும், அதாவது நிறைந்த அம்பாசடர் டேங்கில் கால் லிட்டர் அளவு. 20 விழுக்காட்டுக் கலப்பு அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். அந்த எல்லை தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் போய்ப் படியும். நீங்கள் பாடுபட்டுப் பற்றுவைத்த அடித்தகடு அந்தக் கலவையில்தான் உட்கார்ந்திருக்கும்.

13 ஜூலை 2025

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருக்கும் இராமநாதபுரத்து நண்பருக்கு. உங்கள் வண்டியில் டேங்க் டிக்கியின் உள்ளேயே இருப்பதால் வெளி உப்பு அவ்வளவாகத் தொடாது. அதே காரணத்தால் கசிவின் ஆவி டிக்கிக்குள்ளேயே அடைபட்டு, அங்கிருந்து பயணிகள் இருக்கும் இடத்துக்கும் வரும். ஒழுக்கு சிறிதானாலும் தள்ளிப்போட வேண்டாம். டேங்கின் மேலிருக்கும் ரிசர்வ் நெம்புகோலின் அடைப்பு வளையத்தையும் பாருங்கள். பலர் தகட்டைச் சந்தேகித்து அதை விட்டுவிடுகிறார்கள்.

5 அக்டோபர் 2025

வடகிழக்குப் பருவமழை வரப்போகிறது. டிசம்பர் வரை வண்டியை அதிகம் எடுக்காதவர்கள் டேங்கைப் பாதியாக விட்டுவைக்க வேண்டாம். காலி இடம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு ஈரக் காற்று உள்ளே போய்க் குளிர்ந்து நீராகும். ஒன்று முழுக்க நிரப்புங்கள், இல்லையேல் முழுக்க வடித்து உலர்த்தி மூடுங்கள். நிரப்பி வைப்பவர்கள் மாதம் ஒருமுறையாவது வண்டியை ஓட்டி, பழைய பெட்ரோலைச் செலவழித்துப் புதியதை ஊற்றுங்கள்.

19 அக்டோபர் 2025

மண்டபத்து வாசகர் எழுதியிருக்கிறார்: டேங்க் ஒழுகவில்லை, வாடையும் இல்லை, ஆனால் பெயிண்ட் அடித்துப் பொருத்தியதிலிருந்து பெட்ரோல் முள் சரியாகக் காட்டுவதில்லை, புதிய மிதவை வாங்க வேண்டுமா?

வேண்டாம் தம்பி. மிதவைக் கருவியின் எர்த் இணைப்பு டேங்கின் உடல் வழியாக வண்டிக்குப் போகிறது. இப்போது டேங்க் முழுவதும் தடிப்பாகப் பெயிண்ட். பட்டைக்கு அடியில் ஃபெல்ட்டுக்குப் பதில் ரப்பர். மின்சாரத்துக்கு வழியே இல்லை. மிதவைத் தட்டின் ஒரு திருகுக்கு அடியில் மட்டும் பெயிண்ட்டைச் சுரண்டி, அங்கிருந்து ஒரு கறுப்பு ஒயரை வண்டியின் உடலிலுள்ள நல்ல போல்ட்டுக்கு இழுத்துவிடுங்கள். இரண்டு முனையிலும் கிரீஸ் தடவுங்கள். சுரண்டும் வேலையைப் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். டேங்கில் இப்போது பெட்ரோல் இருக்கிறது.